நுரை அடங்கும்போதெல்லாம்

வேலை நாட்களில் மட்டும் பெரியவளுக்குப் பகலில் தூக்கம் வந்தது. விடுமுறை நாளில் வரவில்லை. ஏன் என்று யாருக்கும் பிடிபடவில்லை.

வீட்டில் இருக்கும் நாளில் அவள் விடிந்ததிலிருந்து சும்மா இருக்க மாட்டாள். பாத்திரம் தேய்த்து, தரை துடைத்து, அடுப்படியில் வெந்து, மத்தியானம் வயிறு நிறையச் சாப்பிட்ட பிறகும் ஜன்னலோரம் உட்கார்ந்து பூண்டு உரித்துக்கொண்டிருப்பாள். ஒரு கொட்டாவி கிடையாது. அதே மனுஷி சலவைக்கூடத்துக்குப் போன நாளில், முற்பகல் தேநீர் மணி அடித்துக் கொஞ்ச நேரத்துக்கெல்லாம், இமைகளின்மேல் யாரோ ஈரத் துவாலையைப் பிழியாமல் போட்டதுபோல ஆகிவிடுவாள். மத்தியானத்துக்குமேல் நின்றபடியே ஆடுவாள். சாயங்காலம் பேருந்தில் உட்கார்ந்ததும் தலை தொங்கும். இறங்க வேண்டிய இடத்தில் சின்னவள்தான் தோளைப் பிடித்து உலுக்குவாள்.

பெரியவளும் சின்னவளும் ஓரகத்திகள். அண்ணனுக்கு வாக்கப்பட்டவள் பெரியவள், தம்பிக்கு வாக்கப்பட்டவள் சின்னவள். வீட்டில் வழங்கிய பெயர் சலவைக்கூடத்துக்கும் கூடவே வந்துவிட்டது. அவர்களுடைய சொந்தப் பெயர் அங்கே யாருக்கும் ஞாபகமில்லை. பெரியவள் அறுபதைத் தாண்டிச் சில வருஷங்கள் ஆகின்றன. சின்னவள் அவளைவிடப் பத்து வயது இளையவள். வாய்த்துடுக்கில் இருபது வயது இளையவள். பெரியவளின் வீட்டுக்காரர் பேருந்து ஓட்டி ஓய்வுபெற்றவர், தெருவே அவரை டிரைவர் என்றுதான் கூப்பிடும். சின்னவளின் வீட்டுக்காரர் கப்பலில் சமையல்காரர், வருஷத்தில் முக்கால்வாசி கடலில். ஆக, ஒரே வீடு, ஒரே அடுப்பு, மூன்று பேர்.

சலவைக்கூடத்து வெக்கைதான் காரணம் என்றார் டிரைவர். மத்தியான வெயிலில் இஞ்சின் பக்கத்தில் உட்கார்ந்து ஓட்டும்போது தனக்கும் அப்படித்தான் கண்ணைச் சுழற்றும் என்றும், அதற்காகவே பாக்கெட்டில் மிளகு வைத்திருந்ததாகவும் சொன்னார். அந்த மிளகைப் பெரியவளும் மென்று பார்த்தாள். கண்ணில் தண்ணீர் வந்தது. தூக்கம் போகவில்லை.

அவர்கள் பார்த்த வேலையைச் சொன்னால்தான் இந்தத் தூக்கம் எவ்வளவு பொல்லாதது என்று விளங்கும். ஆஸ்பத்திரிகளிலிருந்தும் விடுதிகளிலிருந்தும் வந்து குவியும் படுக்கை விரிப்புகளைக் கையால் இஸ்திரி போட்டு மாளாது. அதற்காக இருப்பது ரோலர். ஆள் நீளத்தைப்போல இரண்டு மடங்கு நீளமான உருளை, மேலே தடித்த கம்பளம் சுற்றியது. அது ஒரு வளைந்த இரும்புத் தொட்டிலுக்குள் மெதுவாகச் சுழலும். நீராவி ஓடுவது தொட்டிலின் வயிற்றுக்குள். சூடு முழுக்க அங்கேதான். உருளை விரிப்பை வாங்கித் தொட்டிலோடு அழுத்தி இழுத்துக்கொண்டு போகும். இந்தப் பக்கம் ஈரமாகப் போனது அந்தப் பக்கம் மொறமொறவென்று வரும். விரிப்பில் ஈரம் அதிகமானால் நொதநொதவென்று வெளியே வரும். காய்ந்துபோயிருந்தால் சுருக்கம் போகாது. கன்னத்தில் வைத்தால் சில்லென்று இருக்க வேண்டும், ஆனால் சொட்டக் கூடாது. அதுதான் பதம்.

விரிப்பை உள்ளே கொடுக்க இரண்டு பேர் வேண்டும். இடது மூலை ஒருத்திக்கு, வலது மூலை இன்னொருத்திக்கு. இருவரும் ஒரே மூச்சில் ஓரத்தை விறைப்பாக இழுத்து, உருளையின் வாயில் வைத்து, அதே மூச்சில் கையை எடுத்துவிட வேண்டும். ஒருத்தி துளி பிந்தினாலும் விரிப்பு கோணிக்கொண்டு போய் உள்ளே மடிந்துவிடும். உருளைக்கு முன்னால் விரல் மட்டத்தில் ஒரு தடுப்புக் கம்பி உண்டு. விரல் பட்டால் உருளை நின்றுவிடும். உருளை நின்றாலும் தொட்டிலின் சூடு நிற்காது. உடனே கைப்பிடியைச் சுற்றி உருளையைத் தூக்கி, மாட்டிய துணியை உருவிவிட வேண்டும். இல்லையென்றால் வெள்ளை விரிப்பில் பழுப்புப் பட்டை விழுந்துவிடும்.

பெரியவள் இடது மூலை, சின்னவள் வலது மூலை. அந்த ஜோடி கொடுக்கும் விரிப்பில் ஓரம் பிசகாது என்று விடுதிக்காரர்களே சொல்வார்கள். ஒருத்தி மற்றவளைப் பார்ப்பதுகூடக் கிடையாது. சின்னவள் வாய் ஓயாமல் பேசிக்கொண்டிருப்பாள், பெரியவள் "ம்" கொட்டிக்கொண்டிருப்பாள், விரிப்புகள் போய்க்கொண்டிருக்கும்.

ஒரு நாள் அந்த "ம்" வரவில்லை.

சின்னவள் திரும்பிப் பார்த்தபோது பெரியவளின் கண் மூடியிருந்தது, கை மட்டும் விரிப்போடு போய்க்கொண்டிருந்தது. சின்னவள் போட்ட சத்தத்தில் அவள் விழிப்பதற்கும், விரல் தடுப்புக் கம்பியில் இடிப்பதற்கும், உருளை நிற்பதற்கும் சரியாக இருந்தது. சின்னவள் ஓடிப்போய்க் கைப்பிடியைச் சுற்றினாள். விரிப்பில் அகலமாக ஒரு பழுப்புப் பட்டை. பெரியவள் தன் விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி நீட்டிப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

சூப்பர்வைசர் நல்ல மனிதர்தான். கத்தத் தெரியாதவர், பயம் வந்தால் குரல் தாழ்ந்துவிடும்.

"பெரியக்கா, விரிப்பு போனா போகட்டும். கம்பி வேலை செஞ்சுது, சரி. ஒரு நாள் அது செய்யலைன்னா? உங்க கையை எடுத்துக்கிட்டு நான் யார்கிட்டப் போய் நிப்பேன்?"

"வெக்கைங்க. கொஞ்சம் அசந்துட்டேன்."

"போன வாரமும் அதுதான் சொன்னீங்க. கொஞ்ச நாள் மடிப்பு மேஜையில உட்காருங்க. தெளிவானா மறுபடி ரோலர். தெளியலைன்னா..." அவர் முடிக்கவில்லை. முடிக்க வேண்டிய அவசியமும் இல்லை. வயதானவர்கள் ரோலரிலிருந்து மடிப்பு மேஜைக்குப் போவதும், மடிப்பு மேஜையிலிருந்து வீட்டுக்குப் போவதும் அங்கே எல்லோருக்கும் தெரிந்த பாதை.

மடிப்பு மேஜை ஜன்னலுக்குப் பக்கத்தில் இருந்தது. நல்ல காற்று. உட்கார நாற்காலி. பக்கத்திலேயே கறைத் தொட்டி. அதையும் பார்த்துக்கொள்ளச் சொன்னார்கள். சமையல்காரர்களின் மேலங்கி, சாப்பாட்டு மேஜை விரிப்பு மாதிரி கறை பிடித்த துணிகளை மிஷினில் போடுவதற்கு முன்னால் அதில்தான் ஊறவைப்பார்கள். வெந்நீரில் கறைப்பொடியை ஒரு கரண்டி போட்டுக் கலக்கினால் நுரை எழும்பும். கறை கரையக் கரையப் பொடியின் வேகம் குறையும், நுரை அடங்கும். நுரை அடங்கினால் இன்னொரு கரண்டி. இதுதான் அங்கே பழக்கம். இன்னார்தான் போட வேண்டும் என்றில்லை. அந்தப் பக்கம் போகிற யார் கண்ணில் அடங்கின நுரை பட்டாலும் ஒரு கரண்டி போட்டுவிட்டுப் போவார்கள்.

வெக்கைதான் காரணம் என்றால் ஜன்னலோரக் காற்றில் தூக்கம் குறைந்திருக்க வேண்டும். கூடியது. மடித்த துவாலை அடுக்கின்மேலேயே கன்னத்தை வைத்துத் தூங்கினாள். எழுந்தபோது கன்னத்தில் துவாலையின் புள்ளிப் புள்ளி வரிசை. மற்றவர்கள் சிரித்தார்கள், சின்னவளும் சிரித்தாள், பெரியவளும் சிரித்துவைத்தாள்.

ஆனால் அவள் வயிற்றில் ஒரு கல் விழுந்துவிட்டது. அதை அவள் யாரிடமும் சொல்லவில்லை.

அவளுடைய கூடப்பிறந்த அக்காவுக்கும் இப்படித்தான் ஆரம்பித்தது. முதலில் பகலில் நாற்காலியில் உட்கார்ந்தபடியே தூங்கினாள். அக்காவுக்கு வயசாகிவிட்டது என்றார்கள். பிறகு அடுப்பில் பால் வைத்ததை மறந்தாள். பிறகு ஒரு நாள், தன் மகளைப் பார்த்து, "நீங்க யாரு வீட்டுப் பொண்ணு?" என்று மரியாதையாகக் கேட்டாள். கடைசி வருஷங்களில் பெரியவள் போய்த் தலைவாரிவிடும்போது, முடி வாருகிற கை யாருடையது என்று தெரியாமலேயே அக்கா தலையைக் கொடுத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள்.

அதனால் பெரியவள் தன்னைத்தானே சோதித்துக்கொள்ள ஒரு வழி வைத்திருந்தாள். டிரைவர் வருஷக்கணக்காக ஓட்டிய தடத்தின் நிறுத்தங்களை, கிளம்பும் இடத்திலிருந்து வரிசையாக மனசுக்குள் சொல்லிப் பார்ப்பாள். தண்ணீர் டாங்க், பழைய சினிமா, மாவு மில், ஆஸ்பத்திரி, பாலம், பாலத்துக்கு அந்தப் பக்கம், பெண்கள் பள்ளி. பாத்திரம் தேய்த்துக்கொண்டே சொல்வாள். ஒரு நாள் மாவு மில் வரவே இல்லை. தேய்த்த பாத்திரத்தையே திரும்பத் திரும்பத் தேய்த்துக்கொண்டு நின்றாள். ஞாபகம் வந்த பிறகும் கை நடுக்கம் நிற்கவில்லை.

"என்ன முணுமுணுன்னு?" என்றார் டிரைவர்.

"ஒண்ணுமில்லைங்க. சாமான் கணக்கு."

சின்னவள்தான் விடாமல் டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனாள். டாக்டர் அம்மா நிதானமானவர். வயது, ரத்த அழுத்த மாத்திரை, ராத்திரித் தூக்கம், குறட்டை, எடை எல்லாம் கேட்டார். வேறு மருந்து ஏதாவது சாப்பிடுகிறீர்களா என்று கேட்டபோது பெரியவள் இல்லை என்று தலையசைத்தாள். அவளைப் பொறுத்தவரை அது உண்மை. டாக்டர் விடவில்லை, வேர், இலை, பொடி, லேகியம் ஏதாவது உண்டா என்று கேட்டார். அப்போதுதான் சின்னவளுக்கு ஞாபகம் வந்தது.

"மூட்டுக்கு ஒரு மூலிகைப் பொடி குடிக்கிறாங்க டாக்டர். நான்தான் வாங்கிக் குடுத்தேன். வேருங்கதானாம், ஒண்ணும் பண்ணாதுன்னு கடையில சொன்னாங்க."

"ஒரு நாளைக்கு எவ்வளவு?"

"ஒரு பிளாஸ்க்" என்றாள் பெரியவள். "காலையில ஒரு கரண்டி போட்டு வெந்நீர் ஊத்திக்குவேன்."

ஒரு கரண்டி இந்த அளவுக்குத் தூக்கம் கொண்டுவராது என்றுதான் தனக்குத் தோன்றுகிறது, ஆனாலும் மனசில் வைத்துக்கொள்கிறேன், முதலில் ரத்தத்தைப் பார்த்துவிடலாம் என்று டாக்டர் சொன்னார். தைராய்டு, சர்க்கரை, ரத்தசோகை, சிறுநீரகம் எல்லாவற்றுக்கும் எழுதினார்.

முடிவுகள் வந்தன. எல்லாம் சரியாக இருந்தது.

சின்னவள் அன்றைக்கு முட்டைக் குழம்பு வைத்துக் கொண்டாடினாள். டிரைவர் இரண்டு தடவை கேட்டு வாங்கிப் போட்டுக்கொண்டார். பெரியவளுக்குச் சோறு இறங்கவில்லை. ரத்தத்தில் ஒன்றும் இல்லையென்றால், மிச்சம் இருப்பது தலைதான். அடுத்த தடவை ஞாபகசக்திக்கு ஒரு பரிசோதனை வைத்துக்கொள்ளலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். சாதாரணமாகச் சொன்னதுதான். அவள் காதில் அது சாதாரணமாக விழவில்லை.

அந்தச் சந்திப்புக்கு முன்னால் கறைத் தொட்டியில் ஒரு வினை வந்து சேர்ந்தது.

ஒரு உணவு விடுதியின் மேஜை விரிப்புகள், வெள்ளையில் நீலக் கரை போட்டவை. காலையில் தொட்டியில் போட்டது, பிற்பகல் எடுத்தபோது நீலக் கரை வெளுத்துச் சாம்பலாகியிருந்தது. சூப்பர்வைசர் ஒரு விரிப்பைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பெரியவள் அப்போதுதான் துவாலை அடுக்கிலிருந்து தலையைத் தூக்கியிருந்தாள். சின்னவள் ரோலரிலிருந்து ஓடிவந்தாள்.

"எவ்வளவு பொடி போட்டீங்க?" என்றார் சூப்பர்வைசர், தாழ்ந்த குரலில்.

"எப்பவும் போடறதுதாங்க. ஒரு தொட்டிக்குப் போடறது."

"ஒரு கரண்டி போட்டா கரை இப்படிப் போகாது, பெரியக்கா."

"காலையில ஒரு கரண்டிதாங்க போட்டேன். அப்புறம் நுரை அடங்குச்சு, ஒண்ணு போட்டேன்."

"நானும் ஒண்ணு போட்டேன்" என்றாள் சின்னவள். "தேநீருக்கு வரும்போது. நுரையே இல்லை."

மிஷின்காரன் தானும் ஒன்று போட்டதாகச் சொன்னான். மடிப்பு மேஜையின் மறுகோடியில் இருந்தவள் சாப்பாட்டுக்குப் போகும்போது ஒன்று போட்டிருந்தாள். அதற்கப்புறம் பெரியவள் மறுபடியும் போட்டதாகத்தான் அவளுக்கே ஞாபகம். கண்ணைக் கட்டிக்கொண்டு வந்ததால் நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை.

சூப்பர்வைசர் விரிப்பைத் தொட்டியின் விளிம்பில் போட்டார். "நுரை அடங்கினா போட்ட பொடி எங்கயும் போயிடலைங்க. அது தண்ணியிலயும் துணியிலயும்தான் இருக்கு. நீங்க யாரும் தொட்டியைக் காலி பண்ணலை, புதுத் தண்ணி விடலை. மேல மேல போட்டுக்கிட்டே இருந்திருக்கீங்க. தொட்டி ஒண்ணுதான், சரி. கரண்டி எத்தனை?"

திட்டு வாங்கும்போது கைக்கு ஏதாவது வேலை வேண்டும். பெரியவள் தன் பிளாஸ்க்கை எடுத்தாள். மூடியில் ஊற்றினாள். தண்ணீர் நிறம் வெளுத்து வந்தது. சின்னவள் பேச்சைக் காதில் வாங்கியபடியே, அனிச்சையாக, பெரியவளின் பையிலிருந்து சின்ன டப்பாவை எடுத்து, அதிலிருந்த கரண்டியால் ஒரு கரண்டி பொடியைப் பிளாஸ்க்குக்குள் போட்டு, பக்கத்துக் குழாயில் வெந்நீர் பிடிக்கக் கை நீட்டினாள்.

பெரியவள் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"சின்னவளே, இப்ப நீ என்ன பண்ணினே?"

"வெளுத்துப் போச்சேக்கா. ஒரு கரண்டி போட்டேன்."

"காலையில நான் ஒண்ணு போட்டேன்."

"தெரியும்."

"தேநீருக்கு வெந்நீர் பிடிக்கும்போது ஒண்ணு போட்டேன். சாப்பாட்டுக்கு முன்னாடி யார் போட்டது?"

சின்னவளின் முகம் மாறியது. "நான். உங்களுக்கு முட்டி வலிக்குதுன்னு சொன்னீங்களே. அதுக்கு முன்னாடியும் ஒரு தடவை... நீங்க தூங்கிட்டிருந்தீங்க. எழுந்ததும் சூடா குடிக்கட்டும்னு போட்டு வெச்சேன்."

பெரியவள் பிளாஸ்க்கைக் கைகழுவும் தொட்டியில் கவிழ்த்தாள். தண்ணீர் கொஞ்சமாகவும், அடியில் படிந்த வண்டல் ஒரு பெரிய கட்டியாகவும் வந்து விழுந்தது. வேர்ப்பொடி சர்க்கரைபோலக் கரைவதில்லை; சாரம் தண்ணீரில் இறங்கும், சக்கை அடியில் தங்கும். ஒவ்வொரு தடவை வெந்நீர் ஊற்றும்போதும் அந்தச் சக்கையிலிருந்து இன்னும் கொஞ்சம் இறங்கும், மேலே போட்ட புதுக் கரண்டியும் இறங்கும். நிறம் வெளுத்தது என்றுதான் அவர்கள் பார்த்தார்கள். உள்ளே போனதை யார் பார்த்தார்கள்?

சூப்பர்வைசருக்கு ஒன்றும் புரியவில்லை. நீலக் கரையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தவர்கள் ஏன் பிளாஸ்க்கைக் கவிழ்க்கிறார்கள் என்று பார்த்துக்கொண்டு நின்றார். பெரியவளின் மனசோ வேறெங்கோ போயிருந்தது. விடுமுறை நாளில் வீட்டில் அவள் டம்ளரில்தான் கலக்குவாள். ஒரு கரண்டி, ஒரு டம்ளர், ஒரே மூச்சில் குடித்துவிட்டு டம்ளரைக் கழுவிக் கவிழ்த்துவிடுவாள். மேலே போட அங்கே ஒன்றும் இல்லை. அதோடு, ரோலரில் நின்ற நாட்களில் ஒரு தடவை பிளாஸ்க்கின் மூடி இறுகிக்கொண்டு யாராலும் திருக முடியாமல், அன்று முழுக்கக் குழாய்த் தண்ணீர் குடித்தாள். அன்றைக்கு ரோலரில் அவள் ஒரு விரிப்பும் கோணவிடவில்லை. "நான் ராத்திரி ரேடியோவைச் சத்தமா வைக்கலை, அதான் நல்லாத் தூங்கியிருக்கே" என்று டிரைவர் அதற்கும் பெருமை எடுத்துக்கொண்டார்.

"ஒரு பிளாஸ்க்னுதான் டாக்டர்கிட்டச் சொன்னேன்" என்றாள் பெரியவள் மெல்ல. "ஒரு கரண்டின்னு வேற சொன்னேன்."

சின்னவள் அழ ஆரம்பித்துவிட்டாள். நானே வாங்கிக் கொடுத்து, நானே கலக்கிக் கொடுத்து, நானே டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனேனே என்று அவளுக்கு ஆற்றாமை. பெரியவளுக்கு மட்டும் வயிற்றில் கிடந்த கல் லேசாக அசைந்தது. இன்னும் போய்விடவில்லை, ஆனால் அசைந்தது.

"அழாதே. அழுதா நுரை வரும், அதுலயும் யாராவது ஒரு கரண்டி போட்டுருவாங்க" என்றாள்.

சூப்பர்வைசர் முதலில் சிரித்தார். பிறகு கதை முழுக்கக் கேட்டுவிட்டு, நாளைக்கு வேலைக்கு வர வேண்டாம், முதலில் டாக்டரைப் பாருங்கள் என்றார். நீலக் கரைக்கு விடுதிக்காரர்களிடம் தானே பேசிக்கொள்வதாகச் சொன்னார்.

மறுநாள் பெரியவள் பொடி டப்பாவையும் பிளாஸ்க்கையும் கரண்டியையும் ஒரு பையில் போட்டு எடுத்துக்கொண்டு போனாள். டிரைவரும் கூட வந்தார். டாக்டர் அம்மா டப்பாவில் எழுதியிருந்ததைப் படித்துப் பார்த்தார். பல வேர்கள் கலந்த பொடி, அதில் ஒன்றிரண்டு சிலருக்குத் தூக்கம் கொடுக்கக்கூடியவை, எது எவ்வளவு என்று போடவில்லை என்றார். பிறகு நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு பொறுமையாக விளக்கினார்.

"உள்ள போற எதையும் வெளிய தள்ள உடம்புக்கு நேரம் வேணும்மா. ஈரலும் சிறுநீரகமும் அதுக்கு வடிகால் மாதிரி. வயசாக ஆக வடிகால் மெதுவாகும். முதல்ல போட்டது வடியறதுக்குள்ள அடுத்தது போட்டா, சேர்ந்துக்கிட்டே போகும். உங்க அழுத்த மாத்திரையும் கூடச் சேர்ந்து அசதியைக் கூட்டியிருக்கலாம்."

"எங்க கறைத் தொட்டி மாதிரி" என்றாள் பெரியவள்.

"கிட்டத்தட்ட. ஆனா பொடிதான் காரணம்னு இப்பவே அடிச்சுச் சொல்ல மாட்டேன். நிறுத்திப் பார்த்தாத்தான் தெரியும். மொத்தமா நிறுத்துங்க. முட்டிக்கு வேற வழி பார்ப்போம். அழுத்த மாத்திரையை மட்டும் நீங்களா தொடாதீங்க."

பெரியவள் எழுந்திருக்கவில்லை. புடவைத் தலைப்பை விரலில் சுற்றினாள், பிரித்தாள். கடைசியில், டிரைவர் பக்கத்தில் இருக்கும்போதே, அக்காவைப் பற்றிச் சொன்னாள். நாற்காலித் தூக்கம், பால், "நீங்க யாரு வீட்டுப் பொண்ணு". பேருந்து நிறுத்தங்களைச் சொல்லிப் பார்த்ததையும், மாவு மில் மறந்ததையும் சொன்னாள். டிரைவர் அவளைத் திரும்பிப் பார்த்தார். சாமான் கணக்கு என்று அவள் சொன்னது அவருக்கு ஞாபகம் வந்திருக்க வேண்டும்.

பொடி வடிந்த பிறகும் தூக்கமோ மறதியோ இருந்தால் அப்போது முறையாகச் சோதித்துப் பார்க்கலாம் என்றார் டாக்டர். அரைத்தூக்கத்தில் இருப்பவர்களுக்கு ஞாபகம் சறுக்குவது சகஜம், அதை வைத்து எந்த முடிவுக்கும் வரக் கூடாது என்றும் சொன்னார். மறைத்து வைக்காமல் சொன்னது நல்லது என்றார்.

முதல் இரண்டு நாள் முட்டிதான் கத்தியது. இத்தனை நாள் வலி அவ்வளவாகத் தெரியாததற்குப் பொடியின் வைத்தியம் காரணமில்லை, தூங்குகிறவளுக்கு வலி எப்படித் தெரியும் என்றார் டிரைவர். ஆனாலும் அவர்தான் காலையும் சாயங்காலமும் வெந்நீர்ப் பையை முட்டியில் கட்டிவிட்டார். நாற்காலியைப் பிடித்துக்கொண்டு எழுந்து உட்காரும் பயிற்சி ஒன்றை டாக்டர் சொல்லிக் கொடுத்திருந்தார். பெரியவள் அதைச் செய்யும்போது அவரும் எதிரில் நின்று செய்தார். இரண்டு முட்டியும் சேர்ந்து சத்தம் போட்டன.

பிறகு ஒரு சாயங்காலம், வேலை முடிந்து பேருந்தில் வரும்போது, சின்னவள் வழக்கம்போல் தோளை உலுக்கத் திரும்பினாள். பெரியவள் கண்ணைத் திறந்துகொண்டு ஜன்னல் வழியாக வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இந்த மூலைக்கடைக்கு எப்ப பச்சைப் பெயிண்ட் அடிச்சாங்க?"

"அடிச்சு எவ்வளவோ நாளாச்சுக்கா. தினம் இந்த வழியாத்தானே போறோம்."

"நான் எங்க போனேன். என்னைத் தூக்கிக்கிட்டுல்ல நீ போனே."

சின்னவள் சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தாள். அடுத்த நாளும் பெரியவள் தூங்கவில்லை. அதற்கடுத்த நாளும் இல்லை. மடிப்பு மேஜையில் துவாலை அடுக்கு அவள் கன்னத்துக்காகக் காத்திருந்து ஏமாந்தது. விடுமுறை நாளுக்கும் வேலை நாளுக்கும் வித்தியாசமே இல்லாமல் போயிற்று. டாக்டர் மறுபடி பார்த்தார். அவள் மனசு ஆறட்டும் என்று ஞாபகப் பரிசோதனையும் வைத்தார்; அவள் வயதுக்கு அது நன்றாகவே இருந்தது.

அன்றைக்கு வீட்டுக்கு வந்து பாத்திரம் தேய்க்கும்போது அவள் நிறுத்தங்களைச் சத்தமாகவே சொன்னாள். தண்ணீர் டாங்க், பழைய சினிமா, மாவு மில், ஆஸ்பத்திரி, பாலம், பாலத்துக்கு அந்தப் பக்கம், பெண்கள் பள்ளி.

"கிடங்கை விட்டுட்டியே" என்றார் டிரைவர் உள்ளேயிருந்து. "பாலத்துக்கு முன்னாடி."

பெரியவளின் கை நின்றது. டிரைவர் அடுப்படி வாசலில் வந்து நின்றார்.

"நானே அங்க நிறுத்தினதில்லை. யாரும் ஏற மாட்டாங்க. உனக்கெப்படித் தெரியும்?"

அவள் கையிலிருந்த நுரையை அவர்மேல் தெறித்தாள். மாவு மில் மறந்த அன்று வந்த நடுக்கம் வருகிறதா என்று கையைப் பார்த்தாள். வரவில்லை.

சூப்பர்வைசர் அவளை ரோலருக்குத் திரும்ப அனுப்பினார். முதல் விரிப்பைக் கன்னத்தில் வைத்துப் பார்த்தாள்; சில்லென்று இருந்தது, சொட்டவில்லை. இடது மூலை, வலது மூலை. சின்னவள் பேசினாள், பெரியவள் "ம்" கொட்டினாள், ஓரம் பிசகாமல் உருளை வாங்கிக்கொண்டு போனது.

இப்போது அவள் பிளாஸ்க்கில் வெறும் வெந்நீர்தான். மூலிகைப் பொடியை மொத்தமாக நிறுத்தியாயிற்று. முட்டிக்கு வெந்நீர்ப் பையும் நாற்காலிப் பயிற்சியும். இனி வேரோ இலையோ மாத்திரையோ, எதையாவது குடிப்பதானால் முதலில் டாக்டரிடம் காட்டிக் கேட்பாள், எத்தனை கரண்டி என்று சொல்லிக் கேட்பாள். கலக்குவதும் அவள் ஒருத்திதான். கறைத் தொட்டிக்கும் அதே ஏற்பாடு: பொடி போட ஒரே ஆள். நுரை அடங்கினால் யாரும் மேலே போடுவதில்லை. தொட்டியைக் காலி செய்து, புதுத் தண்ணீர் விட்டு, ஒரு கரண்டி போடுகிறார்கள்.